பகலில் தெரியாத நெருப்பு

1983 ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். தென்னூர் வீட்டுக் குழாயில் ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்தேன். ஆறு இருபது பஸ். ஸ்ரீரங்கத்தில் இறங்கி, தெரிந்த கடையில் விட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு, சாரம் கட்டியிருந்த ராயகோபுரத்தைத் திரும்பிப் பார்க்காமல் வடக்கே மிதித்தேன். ஏழு ஐந்துக்குக் கொள்ளிடப் படுகையில் இருந்த எங்கள் கொட்டகையில் கையெழுத்துப் போட்டேன். வெப்பமானியில் இருபத்தொன்பது டிகிரி. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எடுத்த அளவுகளும் இருக்கின்றன. பன்னிரண்டரைக்குப் பிறகு அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. இருபத்து மூன்று ஆண்டு டைரிகளில் பாதியில் நின்ற பக்கம் அது ஒன்றுதான்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இன்ஜினைப் பற்றி நான் சொல்லித்தர அதிகமில்லை. என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சொல்ல மிஞ்சியிருப்பது அந்த வெறும் பக்கம்தான்.

ஆற்றோரமாகத் தாழ்ந்து கிடக்கும் வாழை நிலத்தைப் படுகை என்பார்கள். வெள்ளம் வந்தால் கம்பம் நிற்காது என்று அந்தப் படுகைக்கு மின்கம்பி இழுக்கவில்லை. பதினான்கு குடிசைகளின் விளக்கும் ஒரு பம்ப்பும் ஒரு டீசல் ஜெனரேட்டரை நம்பி இருந்தன. அங்கே வாழை வளர்ப்பது காய்க்காக மட்டும் இல்லை, இலைக்காகவும்தான். டீசல் புகை இலையில் படிந்தது. கண்ணுக்குத் தெரியாத படிவு; கழுவினால் போய்விட்டது போல இருக்கும். கல்யாணப் பந்தியில் சுடு சாதம் விழுந்ததும் டீசல் வாடை எழும்பும். மணப்பெண் வீட்டார் பந்தியை நிறுத்திவிட்டு வேறு இலை தேடி ஓடியிருக்கிறார்கள். அதன் பிறகு அந்தப் படுகை இலை என்றாலே மார்க்கெட்டில் மூக்கருகே வைத்துப் பார்ப்பார்கள்.

எங்கள் எரிபொருள் சோதனைப் பிரிவு அதற்கு மாற்றாகக் கொண்டுவந்தது மெத்தனால். ஊரில் ஸ்பிரிட் என்றார்கள். பார்ப்பதற்குத் தண்ணீர்தான். புகை இல்லை, கரி இல்லை. புகைக்குழாயின் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து ஊர்க்காரர்களுக்குக் காட்டினேன், வெள்ளையாகவே திரும்பியது. அதைக் குடித்தால் கண் போகும், உயிரும் போகும் என்று குடிசை குடிசையாகப் போய்ச் சொன்னேன். பெரிய பீப்பாயைப் பூட்டி, மண்டையோடு வரைந்து வைத்தேன். ஆபத்து என்று எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

இலை அறுக்கும் பெண்களில் அஞ்சலை மூத்தவர். அவருக்கு அந்த இன்ஜினைப் பிடிக்கவில்லை.

"என்ன சார் இது, சத்தம் மட்டும் போடுது, புகையைக் காணோம். உள்ள மிஷின்தான் இருக்கா, யாராச்சும் உக்காந்துக்கிட்டு உறுமுறாங்களா?"

"உங்க வீட்டுக்காரர்தான் உக்காந்திருக்காரு, போய்ப் பாருங்க" என்றார் பழனியாண்டி. இன்ஜினைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர், லால்குடிப் பக்கத்துக்காரர், முப்பத்திரண்டு வயது.

"அவரா? அவரு இருந்தா இந்நேரம் நாலு தடவை டீ குடிக்கப் போயிருப்பாரு. இது வேற ஆளு" என்றார் அஞ்சலை.

சிரித்தோம். ஆனால் உச்சிப்பொழுதில் அந்தப் பெண்கள் கொட்டகைப் பக்கம் தனியாக வரமாட்டார்கள் என்பதைக் கவனித்திருந்தேன். நடுச்சாமத்தைப் போலவே உச்சியும் ஆகாத நேரம் என்பது அவர்கள் கணக்கு. ஆற்று மணலில் கானல் நெளியும் நேரம். வாழைத்தோப்புக்குள் காற்று அடங்கிவிடும். இலை ஒன்றும் ஆடாது. அப்போது கேட்கும் ஒரே சத்தம் எங்கள் இன்ஜினுடையது.

என் தவறுக்கு வருகிறேன். நிறுத்தாமல் நூறு மணி நேரம் ஓட வேண்டும் என்பது பரிசோதனை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குத் தொடங்கியது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டாங்கை நிரப்ப வேண்டும். இன்ஜினை நிறுத்தி, இருபது நிமிடம் ஆறவிட்டு நிரப்புவது என்று விதி எழுதியவன் நானே. நிறுத்தினால் அது தொடர்ந்த நூறு மணி ஆகாது என்று அந்த விதியைத் தளர்த்தியவனும் நானே. ஸ்டூல் போட்டு, இன்ஜின் ஓடும்போதே, பிடி வைத்த மண்ணெண்ணெய் டின்னால் மேல் டாங்கில் ஊற்றுவது என்று வைத்தேன். டாங்குக்கு நேர் கீழே சுடும் புகைக்குழாய்.

"சார், சிந்துச்சுன்னா?" என்று வெள்ளிக்கிழமையே கேட்டார் பழனியாண்டி.

"சிந்தாம ஊத்துங்க" என்றேன்.

பதினான்கு முறை சிந்தவில்லை. பதினான்கு முறை நடக்காததைப் பாதுகாப்பு என்று எண்ணிவிட்டேன். உங்களில் பலரும் அப்படி எண்ணுவீர்கள்.

அன்று பன்னிரண்டு நாற்பது. தொண்ணூற்றொன்றாவது மணி முடிந்த கணம். நான் கொட்டகைக்கு வெளியே, பத்தடி தள்ளி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பென்சிலோடு நின்றேன். அஞ்சலையும் இன்னும் மூன்று பெண்களும் இலைக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒன்றாக வந்துகொண்டிருந்தார்கள். பழனியாண்டி ஸ்டூல் மேல் நின்று ஊற்றினார். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஈரத் துணியை உதறியது போல.

நிமிர்ந்து பார்த்தேன். டின் கீழே கிடந்தது. பழனியாண்டி டாங்கின் மேல் குனிந்து ஏதோ செய்தார். பிறகு ஸ்டூலிலிருந்து குதித்து வெளியே வந்தார். வந்தவர் ஆட ஆரம்பித்தார்.

வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்து உதறினார். தலையைப் பின்னால் சாய்த்துக் குதித்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வெயில் அவர் மேல் முழுதாக அடித்தது. புகை இல்லை. தீ இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் வெட்டவெளியில், ஒன்றுமில்லாத காற்றோடு மல்லுக்கட்டினார்.

பெண்கள் இலைக்கட்டுகளைக் கீழே வைத்தார்கள். கைகளைக் கூப்பினார்கள்.

"சாமி வந்திருக்கு" என்றது ஒரு குரல்.

"உச்சியில வர்றது சாமி இல்லடி" என்றது இன்னொன்று. "கிட்டப் போகாதீங்க!"

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் நின்றேன். நான் நெருப்பைத் தேடினேன். சட்டையில், கையில், தரையில், எங்கும் இல்லை. ஆகவே இது வலிப்பு, இது வெயில் மயக்கம் என்று மனம் வேறு பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தத் திரவம் வெயிலில் எரிந்தால் சுவாலை தெரியாது என்று ஒரு புத்தகத்தில் ஒரு வரி படித்திருக்கிறேன். அடிக்கோடு கூடப் போட்டிருக்கிறேன். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர் சட்டையின் வலக்கை, விளிம்பிலிருந்து மேல்நோக்கிக் குறைந்துகொண்டே போனது. யாரோ பொறுமையாகத் தின்பது போல. அதைப் பார்த்தபடியே நின்றேன். எத்தனை நொடி என்று பிறகு அதே இடத்தில் நின்று பலமுறை கணக்கிட்டேன். பதினொன்று.

அஞ்சலைதான் அசைந்தார். பக்கத்து வேப்பங்கன்றில் ஒரு கொத்தை ஒடித்து, "யாரா இருந்தாலும் இறங்கிப் போயிரு, பிள்ளைகுட்டிக்காரன்" என்று சொல்லிக்கொண்டே பழனியாண்டி முன்னால் போய் வீசினார். பச்சை வேப்பிலை அஞ்சலையின் கையிலேயே நுனியிலிருந்து சுருண்டு, படபடவென்று கருகி இறங்கியது. கொத்தை உதறிவிட்டுப் பின்னால் விழுந்தார்.

"சுடுது! சார், சுடுது! இது தீ சார்!"

அப்போதுதான் என் உடம்பு அசைந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு டின் நிறையத் தண்ணீர் இருந்தது. பாய்ந்து தூக்கினேன். பாதி தூக்கியவன் நிறுத்தினேன். ஊற்றுவதற்கு எடுத்த டின்னும் இதுவும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி டின்கள். உள்ளே இருப்பது இரண்டிலும் ஒரே நிறம், அதாவது நிறமில்லை. முகர்ந்து பார்க்க நேரமில்லை. பீப்பாய்க்கு மண்டையோடு வரைந்தவன் டின்னுக்கு ஒரு கோடு கூடப் போடவில்லை. கையில் இருந்தது தண்ணீரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கீழே வைத்துவிட்டேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பம்ப் தொட்டி பதினைந்து அடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதில் இருப்பது தண்ணீர்தான். ஆற்றிலிருந்து வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழனியாண்டியை இடுப்பில் கட்டிப்பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். என் முன்கை ரோமம் பொசுங்கும் நாற்றம் வந்தது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இருவரும் தொட்டிக்குள் விழுந்தோம். தண்ணீருக்குள் போனதும் அவர் முதன்முறையாகக் கத்தினார்.

"சார், மூடிட்டேன் சார். டாங்கை மூடிட்டேன்."

ஸ்டூல் மேல் அவர் குனிந்து செய்தது அதுதான். கை எரியும்போதே மூடியைத் திருகியிருக்கிறார். பாதி டாங்க் எரிபொருள் மேலே இருந்தது. அவர் மூடாமல் குதித்திருந்தால் பத்தடியில் நின்ற நானும், பெண்களும் இல்லை.

வெளியே ஏறி இன்ஜினின் பிளக் கம்பியைப் பிடுங்கினேன். அது நின்ற பிறகுதான் உண்மையான பயம் வந்தது. அமைதியாக இருந்தது. வெயில் அடித்தது. கொட்டகையைச் சுற்றி எங்கோ தீ எரிந்துகொண்டிருந்தது. எங்கே என்று தெரியவில்லை. சுவரோரம் நின்ற வாழையில் ஓர் இலை மெதுவாகச் சுருண்டது. பிறகு அதற்கு மேல் இலை. தரையில் ஒரு சாக்கு, யாரும் தொடாமல், கறுப்பாகி ஒடுங்கியது. நான்கு பெண்களும் நானும் ஒரு காலை எடுத்து வைக்கப் பயந்து அவரவர் இடத்தில் நின்றோம்.

அஞ்சலை தன் தொரட்டிக் கழியின் நுனியில் ஒரு குருத்திலையைக் கட்டினார். முன்னால் நீட்டிக்கொண்டு ஓரடி ஓரடியாக நடந்தார். இலை வதங்கிய இடத்தில் நின்று, "இங்க வரைக்கும் இருக்கான்" என்றார். நாங்கள் அந்த இடத்தில் ஈரமணலைக் கூடை கூடையாகக் கொட்டினோம். "இங்க இல்ல. இந்தா, இந்த மூலையில இருக்கான்." இப்படியே கொட்டகையைச் சுற்றி வந்தோம். இலை வதங்காமல் ஒரு முழுச் சுற்று வந்த பிறகுதான் கழியை இறக்கினார்.

இப்போது நீங்கள் வேலை செய்யும் இடங்களில் விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கும் பழக்கம் இருந்தால், அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

பழனியாண்டியை இலை வண்டியில் கரை வரைக்கும், அங்கிருந்து ஒரு காரில் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். இரண்டு கைகளும் முழங்கை வரை, கழுத்தில் ஒரு பக்கம். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: இங்கேயே சுத்தமாக வைத்துப் பார்த்தால் பிழைப்பார். சீழ் பிடித்தால் கை போகும். உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது.

மாலை ஆறு மணிக்கு லால்குடி பஸ்ஸில் அவர் மனைவி கனகமும், கனகத்தின் அண்ணனும் வந்தார்கள். நாங்கள் சொல்வதற்கு முன்பே செய்தி அவர்களை எட்டியிருந்தது. உச்சிப்பொழுதில் ஆடினார், தீ இல்லை, புகை இல்லை, வேப்பிலை தானாகக் கருகியது. கேட்டவர்களுக்கு இதில் சந்தேகம் என்ன இருக்கிறது?

"ஊருக்குக் கொண்டு போயிடறோம்" என்றார் அண்ணன். "கழிப்புக் கழிக்கணும். மருந்து போட்டு ஆத்துற சூடு இல்ல இது. காலையில ஏழரைக்குக் காருக்குச் சொல்லியிருக்கேன்."

கனகம் என் பக்கம் திரும்பினார். அழுகை நின்றுபோன முகம்.

"நீங்க பக்கத்துலயே நின்னீங்களாமே சார். நீங்க சொல்லுங்க. தீயைப் பார்த்தீங்களா?"

நான் சரியாகப் பதில் சொல்பவன். அதுதான் என் தொழில்.

"பார்க்கலம்மா."

"அப்புறம் என்ன சார்?"

"அது கண்ணுக்குத் தெரியாத நெருப்பும்மா."

அவர் என்னையே பார்த்தார். "அதைத்தானே சார் நாங்களும் சொல்றோம்" என்றார்.

வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் மேலதிகாரி நின்றிருந்தார். எனக்கு இந்தத் தொழிலில் பலவற்றைக் கற்றுத் தந்தவர். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய உண்டு. அன்று அவர் மெல்லிய குரலில் சொன்னதும் உண்டு.

"அவங்க சாமின்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டுமேப்பா. கூட்டிட்டுப் போறது அவங்க இஷ்டம். நாம ஏன் தடுக்கணும்? ஓடற இன்ஜின்ல ஊத்தினதை யாரும் கேக்கப்போறதில்லையே."

அவர் சொன்னது கொடூரமாக எனக்குப் படவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிம்மதியாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, காவிரிப் பாலத்தின் நடுவில், அந்த உச்சிப்பொழுது ஆவியை நான் ஏறத்தாழ நம்பிவிட்டேன். அது இருந்தால் நான் இல்லை. என் விதி இல்லை, நான் தளர்த்தியது இல்லை, "சிந்தாம ஊத்துங்க" இல்லை. தன் தப்பை வேறொருவர் எடுத்துக்கொள்ள வருகிறார் என்றால், அவர் பேயாக இருந்தாலும் மனிதன் கதவைத் திறக்கிறான். படுகைக்குப் போய்ச் சேர்ந்து, எதற்கென்று எனக்கே சரியாகத் தெரியாமல், பீப்பாயிலிருந்து ஒரு மருந்து பாட்டில் அளவு எடுத்து, பாட்டிலில் சிவப்பு மையால் பெயர் எழுதி, பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் புதன்கிழமை. முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டிருந்தது. கார் வந்து நின்றிருந்தது. கனகத்தை வார்டுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளிக்குக் கூப்பிட்டேன். அண்ணனும் வந்தார். டிபன் பாக்ஸ் மூடியைத் தரையில் வைத்து, பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, பாட்டிலை எட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன்.

மூடியில் வெயில் பட்டுப் பளபளத்தது. வேறொன்றும் இல்லை.

"அணைஞ்சு போச்சு" என்றார் அண்ணன்.

"கையைக் கொண்டு போகாதீங்க" என்றேன். கீழே கிடந்த ஒரு சருகை எடுத்து, மூடிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்தேன். சருகு கறுத்து, சுருங்கி, விரலைச் சுட்டது. கீழே போட்டேன். அண்ணன் இரண்டடி பின்னால் போனார். கனகம் போகவில்லை. நான் குடையை விரித்து மூடியின் மேல் நிழல் விழும்படி சாய்த்துப் பிடித்தேன்.

நிழலுக்குள் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. குடையை விலக்கினேன், மறைந்தது. மறுபடி பிடித்தேன், இருந்தது.

கனகம் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார். குடையைத் தன் கையில் வாங்கி, தானே ஒருமுறை விலக்கி, ஒருமுறை பிடித்தார்.

"இதுதானா?"

"இதுதாம்மா."

"இதையா ஊத்திக்கிட்டிருந்தாரு?"

"ஆமா. இன்ஜின் ஓடறப்பவே ஊத்தினாரு. நிறுத்திட்டுத்தான் ஊத்தணும். நிறுத்த வேண்டாம்னு சொன்னது நான். சிந்துமேன்னு அவரு கேட்டாரு. நான்தான் கேக்கல. பத்திக்கிட்ட பிறகும் டாங்கை மூடிட்டுத்தான் இறங்கினாரு. அதனாலதான் நாங்க அஞ்சு பேரும் இருக்கோம்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் அண்ணனைப் பார்த்தார்.

"காரை அனுப்பிடுண்ணே. இது ஆஸ்பத்திரி சூடுதான்."

அண்ணன் போனார். பழனியாண்டி பிழைத்தார், வலது கையில் இரண்டு விரல் மடங்காது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்தக் காலையில் எங்களுக்கு எதுவும் தெரியாது. கனகம் குடையை மடக்கி என்னிடம் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார். மூடி வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அணைஞ்சிருச்சா?"

"தெரியலம்மா. கொஞ்ச நேரம் நிக்கணும்."

நின்றோம்.